குடும்பிமலை பதில் சொன்ன நாள்

என் தங்கையைக் கட்டியவனும், என்னோடு வாய்ச்சண்டை பிடிக்காமல் ஒருநாளும் சோறு தின்னாதவனுமான அன்பு மச்சான் நல்லதம்பிக்கு,

இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது. எழுதினால் அது முழுப் பொய். வெள்ளைக்காரரின் உலகச் சண்டை இன்னும் முடியவில்லை. கடற்பக்கம் ஆகாயக் கப்பல் இரைந்தால் கிரானில் இன்னமும் விளக்கை ஊதிவிட்டு இருட்டில் குந்தியிருக்கிறார்கள். அரிசிக்கு ஊரே அல்லாடுகிறது. நீ தேடிப் போனாயே உன் எருமைகள், அவை நீ போன சில நாளில் தாமாகவே பட்டிக்குத் திரும்பி வந்துவிட்டனவாம். அதில் ஒன்று கன்றும் ஈன்றிருக்கிறது. இதைக் கேட்டு நீ சிரிப்பாயா, தலையில் அடித்துக்கொள்வாயா?

உன்னைப் பற்றி ஊருக்கே தெரிந்த ஒரு சங்கதி உண்டு. மூன்றாம் முறை கூப்பிட்டால்தான் நீ வாய் திறப்பாய். மாடு மேய்க்கிற நம் ஆட்கள் எல்லோரும் காட்டுக்குள் அப்படித்தான். காட்டில் கூப்பிடுவது எல்லாம் மனிதரில்லை, மற்றவை இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது, மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் அது மனிதன், அதற்குப் பிறகு பதில் சொல்லலாம் என்பது பழைய கட்டு, நம் ஆட்கள் மீறாத விதி. அதேபோல, காணாமற்போனவனைத் தேடுகிறவர்களும் மூன்று கூப்பாடு விடுவார்கள். முதல் கூப்பாட்டுக்கே பதில் வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்த வழியே நடந்துவிட வேண்டும். மனிதன் என்றால் பொறுத்திருப்பான் என்பது கணக்கு.

மற்றவர்கள் இந்தக் கட்டைக் காட்டோடு விட்டுவிட்டு வருவார்கள். நீ வீட்டுக்கும் கொண்டுவந்தாய். பட்டப்பகலில் நான் வேலிக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவேன். நீ உள்ளே பாயில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பாய். "அண்ணே, இன்னொருக்காக் கூப்பிடு, அப்பதான் உன்ட மச்சானுக்குக் காது திறக்கும்" என்று என் தங்கை பூரணம் அடுப்படியில் இருந்து சிரிப்பாள். அப்போது எனக்கும் அது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது.

நீ போன விதத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. கோடை முடிகிற நேரம். முதல் மழை விழுந்ததும் வட்டை வயலை மிதித்துச் சேறாக்க எருமை வேண்டும். உன் எருமைப்பட்டியோ தண்ணீர் தேடிக் காட்டுக்குள் எங்கோ போய்விட்டது. குடும்பிமலை உச்சியில் ஏறிப் பார்த்தால் எந்த மடுவோரம் நிற்கிறது என்று தெரிந்துவிடும் என்றாயாம். தனியாகக் கிளம்பினாயாம். ஒருவனையாவது கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா? நான் ஊரில் இருந்திருந்தால் திட்டிக்கொண்டே பின்னால் வந்திருப்பேன். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். நீ திரும்பி வரவில்லை என்ற செய்தி கிடைத்தும் சண்டைக்கால வேலை என்று சொல்லி என்னை விடவில்லை. மாரி முழுவதும் கழிந்து, மாசி பிறந்த பிறகுதான் லீவு கிடைத்தது.

வந்து பார்த்தால் பூரணம் நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக நின்றாள். அவளைப் பற்றி ஊர் இரண்டு விதமாகப் பேசியது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் இவள் பூவும் பொட்டுமாகத் திரிகிறாளே என்றது ஒரு பக்கம். பிரேதம் காணாமல் எப்படித் தாலியைக் கழற்றுவது என்றது மறுபக்கம். நல்லது கெட்டது எதற்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. கிடைக்கிற கொஞ்ச அரிசியைப் பொங்கி, அதில் உன் பங்கைத் தினமும் ஒரு கோப்பையில் போட்டு மூடி வைப்பாள். விடிந்ததும் அதையே தண்ணீர் ஊற்றித் தான் தின்பாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, மச்சான்?

"நீ போய்ப் பார்த்திட்டு வா, அண்ணே" என்றாள். "இருக்கிறாரா இல்லையா எண்டு எனக்கு ஒரு சொல் வேணும். ஊரான் சொல்லுறது வேணாம். நீ கண்ணால கண்டு சொல்லு."

நீ காணாமற்போனபோது உன்னைத் தேடிப் போனவர்களுக்கு முன்னால் நின்றவர், நாம் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஓட்டமாவடிக் காசிம் காக்காதான். உன்னோடு மாடு வாங்கவும் விற்கவும் காடெல்லாம் சுற்றிய மனிதர். நான் கேட்டவுடன் வருவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிப்போனது. "தம்பி, அந்த மலைக்கு இனி வாறல்ல எண்டு இருக்கன். என்னைக் கேக்காத" என்றார். ஆனால் மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, கத்தியும் கயிறுமாக எங்கள் வாசலில் நின்றார். ஏன் மனம் மாறினார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

புலிபாய்ந்தகல் துறையில் தோணி ஏறினோம். தோணிக்காரன் எங்கே போகிறோம் என்று கேட்டான். சொன்னதும் கூலி வாங்க மறுத்துவிட்டான். அது இரக்கமா, பயமா என்று தெரியவில்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாடு மேய்கிற தரவை தாண்டிக் காட்டுக்குள் போனதும் காசிம் காக்கா பேச்சை நிறுத்திவிட்டார். காட்டில் பெயர் சொல்லக் கூடாது என்பதும் கட்டு, அதனால் என் பெயரையும் சொல்லவில்லை. தேவையென்றால் கைதட்டினார். வழியில் ஆனைப்பிண்டம் கிடந்தது, அதில் இன்னும் ஆவி பறந்தது. ஒரு வீரை மரத்தில் கரடி நகம் போட்டுப் பட்டையை உரித்திருந்தது. அந்தக் காட்டில் நான் சின்ன வயதில் இருந்து நடந்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு குருவிச் சத்தமும் இல்லாதது போல எனக்குப் பட்டது. அன்று மாலை மாட்டுக்காரர் விட்டுப்போன வாடிக் குடிசையொன்றில் முடங்கினோம். மறுநாள் வெளிச்சம் வந்ததும் மலையடியில் நின்றோம்.

நம் வீட்டு வளவில் நின்று பார்த்தால் அந்த மலை எவ்வளவு சாதுவாகத் தெரியும்! குளித்துவிட்டு முடிந்த குடும்பி மாதிரி, ஒரு சின்ன முடிச்சு. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அது வானத்தையே மறைத்து நின்றது. பாதி மலைக்கு மேல் மேகம் மூடியிருந்தது. காசிம் காக்கா ஒரு கொப்பை முறித்து மரக்கவட்டில் செருகச் சொன்னார். "உங்கட ஆக்கள் செய்யிறது. நீ செய். நான் பார்த்துக்கிட்டு நிக்கிறன்" என்றார். காவல் கேட்டுப் பிள்ளையாரை நினைத்து நான் செருகினேன். அவர் கண்ணை மூடி எதையோ ஓதினார்.

ஏற்றம் கொடியது, மச்சான். முதலில் முட்பற்றை. அதைத் தாண்டினால் உருண்டைக் கற்கள், கால் வைத்தால் புரண்டன. அதற்கும் மேலே வெறும் பாறை. மாரி மழையில் பாசி பிடித்து, எண்ணெய் பூசியது போலக் கிடந்தது. வேரைப் பிடித்துத் தொங்கியும், வயிற்றால் ஊர்ந்தும் ஏறினோம். ஓர் இடத்தில் நான் பிடித்த வேர் கையோடு வந்துவிட்டது. காக்கா என் மணிக்கட்டைப் பிடிக்காவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத ஆளில்லை. இந்த இடத்தை நீ ஒற்றை ஆளாக எப்படி ஏறினாய்? எருமை மீது அவ்வளவு ஆசையா?

மலையின் அரைவாசியில் ஒரு தட்டைப் பாறை. அதற்கு மேலே செங்குத்தாக ஒரு சுவர். தட்டைப் பாறையின் ஓரத்துப் பொந்தில், மழை படாத இடத்தில், பழைய நெருப்பின் சாம்பல் கிடந்தது. காசிம் காக்கா அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இஞ்ச நிண்டுதான் கூப்பிட்டம்" என்றார். "நான் முதல் கூப்பாடு விட்டன், தம்பி. வாய் மூட முதல் மேலால இருந்து சத்தம் வந்திட்டு. நல்லதம்பிட குரல் மாதிரியே."

நான் கேட்டேன். "பிறகு?"

"பிறகு என்ன பிறகு? நல்லதம்பி முதல் கூப்பாட்டுக்கு வாய் திறக்கிற ஆளா? நீயே சொல்லு. எத்தனை தரம் உன்னையே வேலியில நிக்க வச்சவன்! மலை அவன்ட குரலை எடுத்துக்கிட்டுது எண்டு எல்லாரும் கத்தினாங்க. விட்டுட்டு ஓடினம்."

அவரைத் தேற்றத்தான் நான் சொன்னேன். "காக்கா, அது உங்கட கூப்பாடுதான். பாறையில பட்டுத் திரும்பி வந்திருக்கும்." சொல்லிவிட்டு, அதைக் காட்டுவதற்காக வாயைக் குவித்துக் கூவினேன். கட்டாவது மண்ணாவது என்று உன் பெயரைச் சொல்லியே கூவினேன்.

ஒன்றும் திரும்பி வரவில்லை. மறுபடி கூவினேன். மறுபக்கம் திரும்பி நின்று கூவினேன். மேகம் பாறையில் உரசிக்கொண்டு போனது. அந்த இடத்தில் எதிரொலியே இல்லை, மச்சான். அங்கே பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தால்தான் பதில் வரும்.

காசிம் காக்கா அப்படியே குந்திவிட்டார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வாயில் அடைத்துக்கொண்டார். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவரோடு சேர்ந்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே பார்த்தேன்.

அந்தச் சுவரில் நேராக ஏற முடியாது. பின்பக்கமாகச் சுற்றி, உச்சிக்குப் போய், அங்கிருந்து இறங்க வேண்டும். உச்சியில் கால் வைத்த நேரம் மேகம் விலகியது. எனக்கு அது பிடிக்கவில்லை. கீழே காடு கறுத்துக் கிடந்தது. அதற்குள் மடுக்கள் அங்கங்கே மினுங்கின. கிழக்கே நம் வட்டைகள், வயல் பச்சை. அதற்கப்பால் வாவி வெள்ளித் தகடாக நீண்டு கிடந்தது. அதற்கும் அப்பால் கடல். எவ்வளவு அழகு! வேறொரு நாளில் வந்திருந்தால் நானும் நீயும் அங்கே குந்தி, ஊரில் உள்ளவனையெல்லாம் நொட்டை சொல்லிச் சிரித்திருப்போம். கிரான் இருக்கும் திசையைக் கூட அடையாளம் காண முடிந்தது. நீயும் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பாய் என்ற நினைப்பு வந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கயிற்றை ஒரு மரத்தில் கட்டி, காக்கா பிடிக்க, நான் இறங்கினேன். கொஞ்சத் தூரத்தில் பாறை வெடிப்பு ஒன்று. அதற்குள் நீ இருந்தாய். கீழே தட்டைப் பாறையும், அவர்கள் நெருப்பு மூட்டிய பொந்தும் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தன.

எலும்புதான். அதை எழுத எனக்குக் கை கூசவில்லை, நீ என் மச்சான். ஆனால் கால் எலும்பைப் பார்த்ததும்தான் நான் உடைந்துபோனேன். முறிந்த காலுக்கு இரண்டு பக்கமும் தடி வைத்து, உன் சால்வையைக் கிழித்து வரிந்து கட்டியிருந்தாய். விழுந்த உடனே போனவன் தன் காலைக் கட்டுவானா? பக்கத்தில் சுரைக்குடுவை. மழைத் துளி விழும் என்றோ என்னவோ, பாறையின் கசிவுக்கு நேராக அதன் வாயை வைத்திருந்தாய். நீ கிடந்தது கோடையில். அப்போது அந்தப் பாறையில் ஒரு சொட்டும் கசிந்திராது.

உன்னை என் சால்வையில் பொதிந்து முதுகில் கட்டிக்கொண்டு மேலே ஏறினேன். உயிரோடு இருந்தபோது நீ என்ன பாரம்! அன்றைக்கு நீ ஒரு பாரமாகவே இல்லை. காசிம் காக்கா அந்தப் பொதியின் மேல் கை வைத்தார், எடுக்கவே இல்லை.

இறங்கும் வழியில் நான்தான் சொன்னேன். "காக்கா, விழுந்த உடனே உயிர் போயிருக்கு எண்டு பூரணத்திட்டச் சொல்லப் போறன். நீங்களும் அப்பிடித்தான் சொல்ல வேணும்."

"என்னால ஏலாது, தம்பி" என்றார். "தங்கச்சிட முகத்தைப் பார்த்து நான் பொருத்தம் கேக்க வேணும், என்னை மன்னிச்சிக்கங்க எண்டு. கேக்காம மவுத்தானா நான் அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்லுற?"

"உங்கட மனம் ஆற அவளைக் கொல்லப் போறீங்களா?"

அவர் கத்தியை எடுத்து முட்பற்றையை வெட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பூரணத்திடம் என் பொய்யைச் சொன்னேன். ஒரு நொடிதான், மச்சானுக்கு நோவே தெரிந்திருக்காது என்றேன். அவள் பொதியை மடியில் வைத்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். வாய்விட்டு அழுதாள். கழுத்தில் கிடந்ததைத் தானே கழற்றினாள். கொள்ளி வைத்தோம், சாம்பலை வாவியில் கரைத்தோம். அவளுக்கு அவள் கேட்ட சொல் கிடைத்துவிட்டது, இனி ஆறிவிடுவாள் என்று நானும் நம்பினேன்.

எட்டாம் நாள் படையல் வைத்த அன்று காசிம் காக்கா வந்தார். உள்ளே வராமல் வேலிப் படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் தடுக்க நான் எழும்பும் முன்பே பூரணம் அவரிடம் போய்விட்டாள்.

"காக்கா, நீங்க பேச முதல் நான் ஒண்டு கேக்கிறன்" என்றாள். "அண்டைக்கு மலையில பதில் சொன்னது அவர்தானே?"

"பூரணம், நான்தான் சொன்னேனே..." என்று குறுக்கே விழுந்தேன்.

"நீ சொன்னது பொய், அண்ணே. எனக்காகச் சொன்ன பொய். அதுக்கு நான் கோவிக்கல்ல." அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இவங்க ஓடிவந்து இந்த முத்தத்தில நிண்டு மலை பதில் சொல்லிச்சு எண்ட உடனே எனக்குத் தெரியும். அது அவர்தான், திரும்பிப் போங்க எண்டு ஒவ்வொருத்தன்ட காலையும் புடிச்சன். அவர் மூண்டாவது கூப்பாட்டுக்குத்தானே வாய் திறப்பாரு எண்டு இவங்க சொன்னாங்க. உசிர் போற மனிசன் மூண்டு வரைக்கும் எண்ணிக்கிட்டா இருப்பான்?"

மச்சான், இதை அதுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஊரில் ஒருவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. உன் மனைவி ஒருத்திக்குத்தான் அன்றைக்கே உண்மை தெரிந்திருந்தது. நீ இன்னும் மூச்சோடு இருந்தாய். ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அவளை ஒரு பைத்தியமாகப் பார்த்துவிட்டுத் தத்தம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருக்கிறார்கள்.

காசிம் காக்கா படலையில் நெற்றியை வைத்து அழுதார். "பொருந்திக்கங்க தங்கச்சி. அண்டைக்கு நீங்க என்ட காலைத்தான் முதல்ல புடிச்சீங்க. அதுதான் தம்பி வந்து கேட்ட இரவு எனக்குக் கண் மூட ஏலாமப் போச்சு."

"அதை விடுங்க. என்ன சொன்னாரு எண்டு மட்டும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். என்னிடமும் அவர் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று அது.

"தண்ணி எண்டு கேட்டாரு" என்றார்.

பூரணம் அடுப்படிக்குப் போனாள். "காக்காவுக்குத் தேத்தண்ணி வைக்கிறன், இருக்கச் சொல்லு அண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் மன்னித்தாளா? எனக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை. வைத்ததைக் குடித்துவிட்டுப் போனார். அன்று தொடங்கி வாரத்தில் ஒருநாளாவது வந்து உன் வட்டை வேலையில் கை கொடுக்கிறார்.

இதெல்லாம் நடந்து மாதங்கள் போய்விட்டன. இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

தேன் எடுக்க மாங்கேணியில் இருந்து வந்த ஒருவன் நம் மலைப்பக்கம் போய் இன்னும் திரும்பவில்லை. அவனுடைய ஆட்கள் தேடிப் போனார்கள். நேற்று மத்தியானம் கிரானுக்குள் ஓடி வந்தார்கள். முதல் கூப்பாட்டுக்கே மேலிருந்து பதில் வந்ததாம். என்ன சொன்னது என்று கேட்டேன், காதைப் பொத்திக்கொண்டு ஓடினோம் என்கிறார்கள். அது மனிதன், திரும்பி வாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஒருவனும் அசையவில்லை. நம் ஊராருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. அது நல்லதம்பி, துணைக்கு ஆள் கூப்பிடுகிறான் என்று உன் பெயரைச் சொல்லியே அவர்களைப் பயப்படுத்துகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரோடு கைகலப்பாகிவிட்டது.

காசிம் காக்காவுக்கு ஆள் அனுப்பினேன். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. பூரணம் குடுவைகளில் தண்ணீர் நிரப்பிக் கட்டி வைத்திருக்கிறாள். "போ அண்ணே, நேரம் போகுது" என்று வாசலில் நின்று அவசரப்படுத்துகிறாள். எனக்குப் பயம்தான், மச்சான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? மலை இன்றைக்கும் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. இங்கிருந்து பார்க்க அந்த முடிச்சு தெரியவில்லை.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தத் தட்டைப் பாறையில் நின்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவோம். பதில் வந்தால் எண்ணிக்கொண்டு நிற்கமாட்டோம், நேரே ஏறுவோம். அந்த மாங்கேணி மனிதன் என்றால் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவோம். ஒருவேளை பதில் சொல்வது நீதான் என்றாலும் இனி யாரும் ஓடமாட்டோம். உன் பக்கத்தில் வந்து குந்தி, முதலில் உனக்குத் தண்ணீர் தருவோம்.

இப்படிக்கு,
பூரணத்தின் அண்ணன், உன் மச்சான்
சாமித்தம்பி,
கிரான்